மலை எந்தப் பக்கம்

வேங்கிக்கால் கட்டிடப் பொறியாளர் அலுவலகத்தில் ஓய்வுக்கு முந்தைய என் கடைசி மாதம் ஓடிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர் திவ்யா தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு பள்ளிக் கட்டிடம் கண்ணாடியில் செய்ததுபோல் அதில் மெல்லச் சுழன்றது. சுவர்களை வரைந்தவர் சென்னையில் இருக்கிறார். தண்ணீர்க் குழாய்களை வரைந்தவர் வேலூரில். மின்சார வேலை திவ்யாவுடையது. மூவரும் ஒரே படத்துக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். ஒருவருடைய குழாய் இன்னொருவருடைய தூணுக்குள் புகுந்தால் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வந்துவிடுகிறது.

“உங்க டைம்ல இதெல்லாம் எப்படி மேடம் கண்டுபுடிச்சீங்க?”

“ஜன்னல்ல ஒட்டிப் பாப்போம்” என்றேன்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். மதியச் சாப்பாட்டின்போது விளக்கத் தொடங்கினேன். பாதியில் அவளை ஏதோ கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை எழுதித் தருவதாகச் சொன்னேன். இப்போது பொழுது நிறைய இருக்கிறது.

பள்ளிகள், விடுதிகள், ஒரு சின்ன மருத்துவமனை, கணக்கில்லாத கழிவறைகள் என்று பலவற்றைக் கட்டுவதில் என் கையும் இருந்திருக்கிறது. ஆனால் ஒரு கட்டிடத்தைப் பார்த்து நான் முதன்முதலாக வாயடைத்து நின்றது வேலைக்குச் சேர்வதற்கு முன்பு. அப்போது அந்தக் கட்டிடம் தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடாக மட்டுமே இருந்தது.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் குறைவு. மூன்று வருடத்தில் என்ன கற்றேன் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: பென்சிலைச் சீவுவது, டி-ஸ்கொயர் அளவுகோலை நகராமல் பிடிப்பது, டிரேசிங் பேப்பரில் விழுந்த மையைக் காகிதம் கிழியாமல் பிளேடால் சுரண்டுவது, பையன்கள் பின்னாலிருந்து பேசுவதைக் காதில் வாங்காமல் கோடு போடுவது. எனக்குப் பட்டியல் போடாமல் எதையும் யோசிக்க வராது. அதனால் என் பெயரே ‘பட்டியல் பத்மா’.

கடைசி வருடத்தில் மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒரு நிஜமான இடத்துக்கு ஒரு கட்டிடத்தை வடிவமைக்கச் சொன்னார்கள். என் குழுவில் இருந்தவர்கள் சரசுவும் ஷகிலாவும். ஷகிலாவின் வீடு டவுனில், கோயிலுக்குக் கிழக்கே. வாய் ஓயாது. சரசு அடி அண்ணாமலைக்காரி, மலையின் அந்தப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எனக்குக் கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் ஒரு கிராமம். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை மேற்கே தெரியும். “பத்மா, மலை பொழுத முழுங்கப் போவுது, வா” என்று அம்மா கூப்பிட்டால் தட்டு வைத்தாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக் கடிகாரம் மலைதான்.

என்ன கட்டுவது என்பதைச் சரசு முதல் நாளே முடிவு செய்துவிட்டாள்.

“எங்க ஊருக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. ரெண்டு ரூம் போதும்.”

அவளுடைய அண்ணி மல்லிகாவுக்கு முதல் பிரசவ வலி வந்தபோது மாட்டு வண்டியில் ஏற்றி மலையைச் சுற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். டவுன் வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. கிரிவலப் பாதையில் பிறந்ததால் கிரி என்று பெயர். இப்போது அண்ணிக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருந்தது. “இந்தத் தடவையும் வண்டின்னா நான் நடந்தே வந்துடறேன்” என்று அண்ணி சொன்னதாகச் சரசு சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாங்கள் சிரிக்கவில்லை.

கிரிவலப் பாதையை ஒட்டி ஊராட்சிக்குச் சொந்தமான ஒரு குறுகலான மனை இருந்தது. ஒன்றிய அலுவலகத்தின் வழக்கமான பிளான் அதில் அடங்கவில்லை. மனைக்குப் பொருந்துகிற பிளான் கொடுத்தால் கட்டித் தருவதாக ஒன்றியப் பொறியாளர் சொல்லியிருந்தார். ஊராட்சித் தலைவர் வேறு கணக்கில் இருந்தார். சரசு போய்க் கேட்டபோது அவர் சொன்னது இது: “ஆனி பொறக்கறதுக்குள்ள தரையில கோடு போட்டுட்டீங்கன்னா எடம் உங்களுது. இல்லேன்னா தீபத்துக்கு வர்ற ஜனத்துக்குக் கடை போட்டு வாடகைக்கு வுட்டுடுவேன். பொம்பளப் புள்ளைங்க பிளான் போடறீங்கன்னு காத்துக்கினு இருக்க முடியாது.”

எங்கள் கையில் இருந்தது பங்குனியும் சித்திரையும் வைகாசியும்.

எங்கள் வரைகூடத்துக்குத் தலைவர் மணவாளன் சார். தடித்த மீசை, வழுக்கைத் தலை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி. ‘தப்பு’ என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. படத்தை மேஜையில் விரிக்கச் சொல்வார். ஒரு தீக்குச்சியை எடுத்து அதன் மருந்து முனையை வாசற்கதவில் வைப்பார். பிறகு அந்தக் கட்டிடத்துக்குள் நடக்கத் தொடங்குவார்.

“நான் நெறமாச கர்ப்பிணி. வண்டியில வந்து எறங்குறேன். எங்கம்மா போவணும்?”

அந்த மீசையோடு இதைச் சொல்லும்போது ஷகிலா குனிந்துகொள்வாள். அவர் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இருக்காது. குச்சி தாழ்வாரத்தில் நகரும், கதவில் நிற்கும். “கதவு என் வயித்துல இடிக்குது.” குச்சி திரும்பும். “பாத்ரூம் எங்க? ஓ, வெராந்தாவத் தாண்டியா. மழை பெய்யுது. நனையறேன்.” குச்சி எங்கே நின்றதோ அங்கே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். குச்சியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். புள்ளி வைத்த இடத்தை என்ன செய்வது என்பது நம் பாடு.

எண்பதுகளில் செங்கம் பக்கம் ஒரு மாணவர் விடுதிப் படத்தை எனக்குப் பார்வைக்கு அனுப்பியபோது நானும் ஒரு குச்சியை எடுத்துச் சமையல்காரியாக நடந்து பார்த்தேன். அடுப்படியிலிருந்து சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு கழிவறை வரிசை வழியாகத்தான் சாப்பாட்டு அறைக்குப் போக முடிந்தது. பெரிய பெரிய கையெழுத்துகளுக்குப் பிறகு அந்தப் படம் என்னிடம் வந்திருந்தது. நான் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினேன். அது தனிக் கதை.

மனையை அளக்க ஒரு மேகமூட்டமான மத்தியானம் மூவரும் போனோம். கல்லூரியில் இருந்த ஒரே நல்ல திசைகாட்டியை வேறு குழு கொண்டுபோய்விட்டது. அதனால் என்ன, மலைதான் எதிரில் நிற்கிறதே என்று நினைத்தோம். அளவுச் சங்கிலி பிடித்தோம், அளவுகளைக் கூவினோம். எல்லா அளவையும் ‘மலைப்பக்கம்’, ‘கிணத்துப்பக்கம்’ என்றே எழுதிக்கொண்டோம். “கெணறு வடக்கால” என்று சரசு சொன்னதும் அதையும் குறித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து வேலையைப் பிரித்தோம். அறைகளின் பிளான் சரசுவுக்கு. கூரையும் சன்ஷேடும், கட்டிடத்தைக் கத்தியால் நறுக்கிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் வரைகிற வெட்டுப்படமும் ஷகிலாவுக்கு. மனை, கிணறு, குழாய், செப்டிக் டேங்க் எனக்கு. அவரவர் வீட்டில் வரைவது, முடித்ததும் ஒன்றுசேர்ப்பது என்று ஏற்பாடு. அறைகளின் நீள அகலத்தையும் குழாய்த் துளைகளின் இடத்தையும் முதலிலேயே பேசிக் குறித்துக்கொண்டோம். தாள்கள் பொருந்த வேண்டுமே என்று நான் விதிகள் எழுதினேன். எல்லோரும் ஒரே அளவுவிகிதம். ஒரே தடிமனில் பேனா. எல்லோரும் மலைப்பக்கச் சுவரிலிருந்துதான் அளக்கத் தொடங்க வேண்டும். வடக்கைக் காட்டும் அம்புக்குறியை அழகாகக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

“இவ்ளோ ரூல்ஸ் போட்டா கட்டடம் பயந்துடும்டி” என்றாள் ஷகிலா.

சித்திரையின் நடுவில் மூன்று தாள்களும் தயாராயின. கீழிருந்து விளக்கு எரிகிற கண்ணாடி மேஜையெல்லாம் எங்களிடம் இல்லை. வரைகூடத்தின் மேற்கு ஜன்னல் பெரியது. அதன் கண்ணாடியில் முதலில் சரசுவின் தாளை ஒட்டினோம். அதன்மேல் என்னுடையதை ஒட்டினோம். அதன்மேல் ஷகிலாவுடையது. டிரேசிங் பேப்பர் மூன்று அடுக்கானாலும் வெளிச்சத்தை விடும். ஜன்னலுக்கு வெளியே மலை நின்றது. மூன்று பேரின் கோடுகளும் மலைக்கு முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

என் செப்டிக் டேங்க் சரசுவின் முன்வாசல் படியில் உட்கார்ந்திருந்தது. நர்ஸ் தங்கும் அறைக்கு மேலே ஷகிலாவின் கூரை இல்லை. கூரை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் சுவர் இல்லை.

“தலகீழா ஒட்டிட்டியாடி?” என்றாள் ஷகிலா.

என் தாளைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினேன். செப்டிக் டேங்க் ஒழுங்காகப் பின்பக்கம் போனது. ஆனால் வடக்கே இருந்த கிணறு தெற்கே போய்விட்டது.

“சரசு, ரோடு ஏன் உன் தாள்ல வலது பக்கம் இருக்குது?” என்று கேட்டேன்.

“மலைப்பக்கம் தானே ரோடு.”

“மலைப்பக்கம்னா இடது பக்கம் தானே வரணும்? மேற்கு.”

“எங்க ஊருக்கு மலை கெழக்கால இருக்குது.”

ஷகிலா ஜன்னலைக் காட்டினாள். “தோ நிக்குது பாரு மலை. இது எந்தப் பக்கம்? பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், மேக்கால தான் இருக்குது. உனக்காக எழுந்து அந்தப் பக்கம் போயி நிக்குமா?”

“மலை போவாது. நீதான் போவணும்” என்றாள் சரசு. “எங்கூருக்கு ஒரு காலைல வந்து பாரு. எங்களுக்குப் பொழுதே மலையிலேர்ந்துதான் வரும்.”

எனக்கு அந்த வார்த்தைகள் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சூரியன் போய் விழுகிற இடம் அந்த மலை. அதிலிருந்து சூரியன் வருகிற ஓர் ஊர் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்த ஊரில் நின்று சங்கிலி பிடித்தபோதும் என் மனதுக்குள் மலை மேற்கிலேயே நின்றிருக்கிறது. மலையை என் ஊர் வழக்கப்படி இடது பக்கம் வைத்து, கிணற்றைச் சரசு சொன்னபடி வடக்கே வைத்திருக்கிறேன். ஷகிலாவும் அப்படியே. சரசுவின் பிளானுக்கு எங்கள் இருவரின் படங்களும் கண்ணாடியில் தெரிகிற பிம்பங்களாகிவிட்டன.

என் தாளை எடுத்தேன். இடது கை வலது கையாகும்படி மறுபக்கம் புரட்டி ஒட்டினேன்.

கிணறு கிணற்றின் இடத்துக்கு வந்தது. என் குழாய் ஒவ்வொன்றும் சரசுவின் சுவரில் அவள் விட்டிருந்த துளையில் போய் நின்றது. ஷகிலாவின் தாளையும் புரட்டினோம். கூரையின் நான்கு மூலைகளும் சுவர்களின் நான்கு மூலைகளில் உட்கார்ந்தன. பேனாக் கோட்டின் தடிமன் அளவுக்குக்கூட விலகல் இல்லை. மூன்று வீடுகளில், மூன்று விளக்குகளுக்குக் கீழே, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போட்ட கோடுகள். அவை ஒன்றாகி ஒரே கட்டிடமாக அந்த ஜன்னலில் நின்றன. எங்கள் எழுத்துகள் மட்டும் இடம்வலம் மாறித் தெரிந்தன.

ஷகிலாதான் முதலில் மூச்சு விட்டாள். “அப்போ வேல முடிஞ்சுது. எழுத்த மட்டும் மாத்திட்டா போதும்.”

நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். புரட்டினால் சுவர் திரும்பும். குழாய் திரும்பும். கூரை திரும்பும்.

“வெயில் திரும்பாது” என்றேன்.

முன்வாசல் மேற்கைப் பார்க்கிறது என்று நம்பி, சாயங்கால வெயிலுக்காக அதன் நெற்றியில் அகலமான சன்ஷேடு போட்டிருந்தாள் ஷகிலா. பின்சுவரைத் திறந்து விட்டிருந்தாள். பிரசவ அறை அந்தப் பின்சுவரை ஒட்டி இருந்தது. நிஜத்தில் மேற்கைப் பார்ப்பது பின்சுவர்தான்.

“எனக்கு ஏற்கெனவே வேல தலைக்கு மேல கெடக்குது” என்றாள் ஷகிலா. அவள் அந்த சன்ஷேடுக்கு மை போட்டு முடித்திருந்தாள். “மொத்தமா மாத்தணுமா? பத்மா, உனக்குக் கோவமே வராதாடி? இப்பவாச்சும் கத்து.”

கத்துவதால் குறையப்போகிற வேலை என் பட்டியலில் எதுவும் இல்லை. “நாளைக்கு லீவு. சரசு ஊருக்குப் போயி வெயிலப் பாத்துட்டு வந்துடலாம்” என்றேன்.

அன்று சாயங்காலமே சரசுவின் வீட்டில் இருந்தோம். மல்லிகா அண்ணி எனக்காக வெங்காயமும் பூண்டும் இல்லாமல் குழம்பு வைத்திருந்தாள். “எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. மசக்கையில எனக்கு எல்லாமே ஒரே ருசியாத்தான் தெரியுது” என்று பரிமாறினாள். நான் வழக்கம்போல் வேகமாகச் சாப்பிட்டேன்.

“ஏங்க இப்படி அள்ளிப் போட்டுக்கறீங்க? ரயில் புடிக்கணுமா?”

“பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணுங்க.”

“அது எங்க சாயுது? வெளிய பாருங்க.”

தட்டோடு எழுந்து எட்டிப் பார்த்தேன். என் ஊரில் அந்நேரத்துக்கு மலை சூரியனை எடுத்துக்கொண்டிருக்கும். இங்கே மேற்கில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. வயல்களுக்கு மேலே சூரியன் சாவகாசமாக நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் ராச்சாப்பாடு சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டுவிட்டு அண்ணியோடு மனைக்குப் போனோம். பக்கத்து வீட்டின் மேற்குச் சுவரில் ஷகிலா கை வைத்து உடனே எடுத்துக்கொண்டாள். “தோசைக் கல்லு” என்றாள். அதற்குப்பிறகு சன்ஷேடைப் பற்றி அவள் முனகவில்லை.

அங்கேதான் அண்ணி வண்டிக் கதையைத் தன் வாயால் சொன்னாள். வலியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. “மல்லாந்து கெடந்தேன். கண்ணுக்குத் தெரிஞ்சது வண்டிக் கூண்டோட பாயி மட்டுந்தான். மலையச் சுத்தித்தான் போறோம்னு தெரியுது. அது கூடவே வருதுன்னும் தெரியுது. ஆனா பாக்க முடியல. அத ஒரு தடவ பாத்திருந்தா தேவலன்னு இருந்துச்சு.”

மறுநாள் காலை மூவரும் மனையில் நின்றோம். வானம் வெளுத்து வெகுநேரம் ஆகியும் சூரியனைக் காணவில்லை. ஊர் முழுவதும் மலையின் நிழலில் கிடந்தது. பால்காரர்கள் போனார்கள், கோழிகள் மேய்ந்தன, எல்லாம் அந்த நீல நிழலுக்குள். எங்கள் பின்னால் வெகுதூரத்தில் வயல்கள் மட்டும் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. வெயில் வயலிலிருந்து எங்களை நோக்கி வந்தது. நிழலின் விளிம்பு ஒரு கோடு. அது வரப்பைத் தாண்டியது, வைக்கோல் போரைத் தாண்டியது, எங்கள் மனையின் பின்கோட்டைத் தொட்டது. பெரிய தாள் ஒன்றை யாரோ மலைப்பக்கமிருந்து மெதுவாக உருவுவதுபோல் அந்த நிழல் எங்கள் காலடியிலிருந்து விலகிப் போனது. நிமிர்ந்தேன். மலையின் இடது தோளில் சூரியன் இருந்தது.

“மார்கழில உச்சிக்குக் கிட்டயே வரும்” என்றாள் சரசு, வீட்டில் இருக்கிற ஒரு பொருளைப் பற்றிச் சொல்வதுபோல.

ஷகிலா ரோட்டைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். “படுத்துக்கினு பாத்தா மலை தெரியற மாதிரி ஒரு ஜன்னல் வெக்கலாமா?” என்றாள்.

எங்கள் வேலை அந்த நிமிஷத்தில்தான் ஒன்றாகச் சேர்ந்தது என்று இப்போது தோன்றுகிறது. பிரசவ அறையைச் சூடான பின்சுவரிலிருந்து எடுத்து மலைப்பக்கம் கொண்டுவந்தாள் சரசு. அறை நகர்ந்ததால் என் குழாய்கள் எல்லாம் நகர்ந்தன. இந்தத் தடவை யாரும் வீட்டில் தனியாக வரையவில்லை. முதல் வேலையாக மூன்று தாளிலும் வடக்கு அம்பைப் போட்டோம். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வரைந்தோம். சாயங்காலம் நான் சாப்பிட எழும்போது மற்றவர்களும் பேனாவை மூடிவிடுவார்கள். ஒருத்தி இல்லாமல் மற்றவர்கள் கோடு போடக்கூடாது என்பதுதான் எங்களுக்கு மிஞ்சிய ஒரே விதி.

வெட்டுப்படத்தில் கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஜன்னல் வழியாக மலை உச்சிக்கு ஒரு கோடு இழுத்தாள் ஷகிலா. ஜன்னலை மிக உயரத்தில் வைத்தால்தான் கோடு உச்சியைத் தொட்டது. கோடு தாளின் விளிம்பில் போய் முடிந்துவிட்டது. எங்கள் அளவுவிகிதப்படி மலை எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். வரைகூடச் சுவரைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டையும் தாண்டி, தென்னை மர உயரத்துக்கு நின்றது. கட்டிடமோ என் உள்ளங்கையால் மூடிவிடலாம் போல் இருந்தது. மூவரும் வெளியே போய் அந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தோம்.

மணவாளன் சார் தீக்குச்சியை வாசலில் வைத்தார். வண்டியிலிருந்து இறங்கினார், தாழ்வாரத்தில் நடந்தார், கதவு இடிக்கவில்லை, மழையில் நனையவில்லை. பிரசவ அறைக்கு வந்ததும் குச்சியைக் கட்டிலின்மேல் படுக்க வைத்தார்.

“படுத்துட்டேன். இப்ப எனக்கு என்ன தெரியுது?”

ஷகிலா வெட்டுப்படத்தை நகர்த்தி அந்தக் கோட்டைக் காட்டினாள். “மலை, சார்.”

அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை நகர்த்தி, தாள் முடிந்த இடத்தில் நிறுத்தினார். புள்ளி எதுவும் வைக்கவில்லை. குச்சியைத் திரும்பத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஒன்றியப் பொறியாளரும் ஒப்புக்கொண்டார். தலைவர் ஒப்புக்கொள்வாரா என்பதுதான் மிச்சம்.

வைகாசி முடியும் தறுவாயில், கோடு போடுகிற நாளன்று ஊரில் பாதி வந்துவிட்டது. மூலைக்கு மூலை முளை அடித்து, நூல் கட்டி, நூலின்மேல் சுண்ணாம்பு தூவினோம். தலைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோடுகளுக்கு வெளியே நின்று பார்த்தார்.

“இது இன்னா ரூம்?”

“பிரசவ ரூம்ங்க, பெரியப்பா” என்றாள் சரசு.

“ரோட்டுப் பக்கமா? கிரிவலம் போறவன்லாம் எட்டிப் பாப்பான். பின்னால வெக்க வேண்டியத முன்னால வெச்சிருக்கீங்க. இதுக்கா இத்தன நாள் படிப்பு?” கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். “இது வேலைக்கு ஆவாது. கோட்ட அழிச்சிடு.”

சரசுவின் கையில் சுண்ணாம்புச் சட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தாள். எங்களைப் பார்த்தாள். ஜன்னல் வர வேண்டிய இடத்தில் இரண்டு மூங்கிலை நட்டோம். ஜன்னலின் அடிவிளிம்பு எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்தில் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, அதிலிருந்து தரைவரை ஒரு புடவையைத் தொங்கவிட்டோம். அதுதான் சுவர்.

“பெரியப்பா, நீங்க தான் ஊர்லயே ஒசரம். ரோட்டுல நின்னு எட்டிப் பாருங்க” என்றாள் சரசு.

அவர் போனார். குதிகாலைத் தூக்கினார். துண்டு நழுவியது. கூட்டம் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது.

“இன்னா தெரியுது?” என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

“ஒண்ணும் தெரியல” என்றார். கொஞ்சம் கழித்து, “அப்போ இதுக்குப் பேரு ஜன்னலா? யாருக்கு இது?” என்றார்.

சரசு தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, படத்தில் இருந்தபடி சுண்ணாம்பு அறைக்குள் போட்டாள். “அண்ணி, வந்து படுங்க.”

“இத்தன பேர் முன்னாடியா?” என்றாள் மல்லிகா. ஆனாலும் வந்தாள். சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல், கதவு வர வேண்டிய இடைவெளி வழியாகத்தான் உள்ளே நுழைந்தாள். செங்கல் ஒன்றுகூட வைக்காத இடத்தில் அவளுக்குச் சுவர் இருந்தது. புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தாள்.

ஷகிலாவும் நானும் மூங்கிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தோம். எங்கள் கணக்குச் சரியா என்று எங்களுக்கே தெரியாது. இந்த மலையைத் தாளில் ஒரு தடவை தப்பான பக்கம் வைத்தவர்கள் நாங்கள்.

அண்ணி தலையை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுது” என்றாள். “உச்சி தெரியுது. ரோடு தெரியல, ஆளு தெரியல. மலை மட்டுந்தான் தெரியுது.”

பிறகு எழுந்திருக்கவில்லை. “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்றாள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, “நீ எழுந்திரு, நான் பாக்கறேன்” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பெண்கள் ஒவ்வொருவராகக் கதவு வழியாக வந்து படுத்துப் பார்த்துவிட்டுக் கதவு வழியாகப் போனார்கள். எங்கள் கை கடுத்தது. மூங்கிலை இறக்கவில்லை. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, சரி, கோட்ட மிதிக்காம போங்க” என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

திவ்யா, உன் திரையில் சிவப்புப் புள்ளி வரும்போது, குழாய் தூணில் இடித்த இடத்தை அது காட்டுகிறது. நல்ல கருவி. அதை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் படத்தைத் திறக்கும் முன், அந்த மூன்று பேரும் மலையை எந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடு. நான் எந்த ஊரில் வேலை செய்தாலும், அங்கே மலையே இல்லாவிட்டாலும், அதைத்தான் முதலில் கேட்டேன்.

கட்டிடம் கார்த்திகை தீபத்துக்குள் எழுந்துவிட்டது. கதவுகளுக்கு வண்ணம் அடிக்கவில்லை, சுவரில் கடிகாரம் மாட்டவில்லை. மார்கழியில் ஒருநாள் சரசு என்னைப் பார்க்க எங்கள் ஊருக்கே வந்தாள். அண்ணிக்குப் பெண் குழந்தை. ஜாதகம் எழுத நேரம் வேண்டும் என்று அண்ணன் கேட்டிருக்கிறான். நர்ஸம்மாவின் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்ததாம். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டிலில் படுத்திருந்த அண்ணிதான் சொன்னாளாம்:

“ஜன்னல்ல பாத்துக்கினே இருந்தேன். உச்சியிலேர்ந்து பொழுது வெளிய வந்துச்சு. அப்பத்தான் இவளும் வந்தா.”